மலையை விட்டு இறங்கிய நால்வர்

புத்தர் ஒருவர்தான். ஆனால் அவர் பெயரைச் சொல்லும் பிரிவுகளோ பல!

இலங்கை, மியான்மர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் இருப்பது தேரவாதம். சீனா, கொரியா, ஜப்பான் ஆகிய நாடுகளில் பரவியது மகாயானம். திபெத்தில் வளர்ந்தது வஜ்ரயானம். மகாயானத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் அதற்குள் எத்தனையோ கிளைகள். பேசாமல் உட்கார்ந்தால் போதும் என்கிறது ஒரு கிளை. நாமத்தைச் சொன்னால் போதும் என்கிறது மற்றொரு கிளை. இந்த ஒரு நூலைப் பற்றிக்கொண்டால் போதும் என்கிறது வேறொரு கிளை.

புத்தர் வழியில் போக ஒருவர் ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எந்தப் பிரிவில் சேருவது? எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் பார்ப்பதா? ஒன்றில் நிற்பதா? நிற்பதென்றால், இதுதான் தன் இடம் என்று அவர் எப்படித் தெரிந்துகொள்வார்?

இது இன்றைக்குப் பிறந்த கேள்வி அல்ல. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஜப்பான் நாட்டில் நாலு பேர் இந்தக் கேள்வியோடு அலைந்தார்கள். நாலு பேரும் ஒரே மலையில் படித்தவர்கள். நாலு பேரும் அந்த மலையை விட்டு இறங்கினார்கள். அவர்களைத் தலைவர்களாகக் கொண்ட நாலு பெரிய பிரிவுகள் இன்றும் ஜப்பானில் இருக்கின்றன.

அவர்கள் ஏன் இறங்கினார்கள்? எங்கே போய் நின்றார்கள்? அதற்கு என்ன விலை கொடுத்தார்கள்? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

தலைநகரின் காவல் மலை

ஜப்பானின் பழைய தலைநகரம் கியோட்டோ. அதற்கு வடகிழக்கே இருப்பது ஹியெய் மலை. உயரம் 848 மீட்டர். வடகிழக்குத் திசையிலிருந்துதான் தீய சக்திகள் வரும் என்பது அந்நாட்டு மக்களின் பழைய நம்பிக்கை. ஆகவே அந்த மலையைத் தலைநகரத்துக்குக் காவலாக எண்ணினார்கள்.

788-ம் ஆண்டில் சைச்சோ என்ற பிட்சு அங்கே ஒரு சிறு கோயில் கட்டினார். 804-ல் அவர் சீனாவுக்குக் கப்பல் ஏறினார். மறு ஆண்டு திரும்பி வந்து, தெந்தாய் என்ற பிரிவை ஜப்பானில் நிலைநாட்டினார். மலையில் படிக்கச் சேருகிறவர்கள் 12 ஆண்டு கீழே இறங்கக்கூடாது என்பது அவர் வகுத்த விதி.

தெந்தாய் பிரிவை ஒரு பெரிய மளிகைக் கடைக்கு ஒப்பிடலாம். அங்கே எல்லாச் சரக்கும் உண்டு. தாமரைச் சூத்திரம் என்ற நூல் அவர்களுக்கு எல்லாவற்றிலும் மேலானது. ஆனால் அதோடு தியானமும் உண்டு. அமிதாப புத்தரின் நாமஜபமும் உண்டு. மந்திரமும் ஹோமமும் உண்டு. ஒழுக்க விதிகளும் உண்டு. எதையும் அவர்கள் தள்ளவில்லை.

காலம் செல்லச் செல்ல மலை செழித்தது. நிலங்கள் சேர்ந்தன. பெரிய பதவிகள் பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போயின. ஆயுதம் தாங்கிய பிட்சுக்களின் படையும் உண்டாயிற்று! கோரிக்கை ஏதாவது இருந்தால், அந்தப் படை தெய்வத்தின் பல்லக்கைத் தோளில் சுமந்துகொண்டு தலைநகருக்குள் இறங்கும். தெய்வத்தின் பல்லக்கை எதிர்த்து யார் வில்லை வளைப்பார்? அரசாங்கம் நடுங்கும்.

பெண்கள் அந்த மலையில் காலடி வைக்கக்கூடாது. இந்தத் தடை 1872-ம் ஆண்டு வரையில் இருந்தது.

நெற்றியில் எழுதிய அகரம்

மலைக்கு மேலே நிலைமை இப்படி. கீழே எப்படி இருந்தது?

1180-ல் இரண்டு பெரிய குலங்களுக்குள் யுத்தம் மூண்டது. ஐந்து ஆண்டு நடந்தது. நடுவில் மழை பொய்த்தது. 1181-லும் 1182-லும் கொடிய பஞ்சம். அதன் பின்னாலேயே கொள்ளை நோய்.

காமோ நோ சோமெய் என்ற எழுத்தாளர் அதை நேரில் பார்த்தவர். பின்னாளில், 1212-ல், ஒரு சிறு நூலில் அதை எழுதி வைத்தார். கியோட்டோ நகரின் தெருக்களில் பிணங்கள் கிடந்தன. எடுத்துப் போட ஆள் இல்லை. ஒரு பிட்சு மனம் பொறாமல் தெருத் தெருவாகப் போனார். ஒவ்வொரு பிணத்தின் நெற்றியிலும் வடமொழியின் முதல் எழுத்தான அகரத்தை எழுதினார். அதுவே அவர்களுக்குக் கிடைத்த ஈமக் கடன். இரண்டு மாதத்தில், நகரின் ஒரு பகுதியில் மட்டும், எண்ணிக்கை 42,300-க்கு மேல் போயிற்று!

இறந்தவர்களில் எத்தனை பேருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்கும்? எத்தனை பேருக்குக் காட்டில் உட்கார்ந்து தியானம் செய்ய ஓய்வு இருந்திருக்கும்? மலையில் எல்லாச் சரக்கும் இருந்தது. ஆனால் கூலிக்காரனும் வாங்கக்கூடிய சரக்கு எது?

இந்தக் கேள்வியைத்தான் முதலாமவர் சுமந்துகொண்டு திரிந்தார்.

ஐந்து முறை படித்தவர்

அவர் பெயர் ஹோனென். 1133-ல் ஒரு நாட்டுப்புற அதிகாரியின் மகனாகப் பிறந்தார். அவருக்கு 9 வயது நடக்கும்போது, பகைவர்கள் இரவில் வீடு புகுந்து தகப்பனாரை வெட்டினார்கள். சாகும் தறுவாயில் தகப்பனார் மகனை அழைத்தார். பழிக்குப் பழி வாங்கக்கூடாது என்றும், துறவியாகிப் பகையே இல்லாத வழியைத் தேட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அவருடைய பழைய சரித்திரம் இப்படிச் சொல்கிறது.

பையன் ஹியெய் மலைக்குப் போனான். நல்ல மூளை. பெரிய பதவிக்கு வருவான் என்று ஆசிரியர்கள் நினைத்தார்கள். ஆனால் அவர் 18-வது வயதில் பதவியை விட்டு ஒதுங்கி, மலையின் ஒரு மூலையில் கருங்கணவாய் என்ற இடத்துக்குப் போய்விட்டார். 24-வது வயதில் மலையை விட்டு இறங்கி, நாரா நகரத்துக்குச் சென்றார். அங்கே இருந்த பழைய பிரிவுகளின் பண்டிதர்களை ஒவ்வொருவராகச் சந்தித்தார். எல்லோரும் அவருடைய படிப்பை மெச்சினார்கள். ஆனால் அவருடைய கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

மறுபடியும் மலைக்கு வந்தார். புத்தக அறைக்குள் புகுந்தார். ஆயிரக்கணக்கான சுருள்கள் கொண்ட திருநூல் தொகுதி முழுவதையும் ஐந்து முறை படித்தார் என்பார்கள்!

1175-ம் ஆண்டு. அவருக்கு 43 வயது. ஷான்-டாவ் என்ற பழைய சீன ஆசிரியரின் உரை நூல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். முன்பும் படித்த நூல்தான். ஆனால் அன்றைக்கு ஓர் இடத்தில் கண் நின்றது. எந்த நேரத்திலும் எந்த நிலையிலும் அமிதாபரின் நாமத்தைச் சொல்லுகிறவர் கரையேறுவார். அப்படிக் கரையேற்றுவதாக அமிதாபரே சங்கற்பம் செய்திருக்கிறார் என்பது அந்த இடத்தின் கருத்து.

தேடல் முடிந்தது! முப்பது ஆண்டுத் தேடல் ஒரு வரியில் முடிந்தது.

ஜப்பானியர்கள் அந்த நாமத்தை "நமு அமிடா புட்சு" என்பார்கள். "நமு" என்பது நமது "நமோ"தான். "அமிடா" அமிதாபர். "புட்சு" புத்தர். இதைச் சொல்லப் படிப்பு வேண்டாம். பணம் வேண்டாம். ஆண் என்றும் பெண் என்றும் இல்லை. ஏர் உழுதுகொண்டே சொல்லலாம். வலை இழுத்துக்கொண்டே சொல்லலாம்.

ஹோனென் மலையை விட்டு இறங்கி, கியோட்டோ நகரின் கிழக்குப் பகுதியில் ஒரு குடிசையில் தங்கினார். பிரபுக்களும் வந்தார்கள். போர் வீரர்களும் வந்தார்கள். தெருவில் திரிபவர்களும் வந்தார்கள். மலை பொறுக்கவில்லை. நாரா நகரத்துக் கோயில்களும் பொறுக்கவில்லை. அரசாங்கத்துக்கு மனுக்கள் பறந்தன.

1206-ல் ஒரு சம்பவம். முன்னாள் சக்கரவர்த்தி கோ-டோபா யாத்திரை போயிருந்தார். அப்போது அரண்மனைப் பெண்கள் இருவர், ஹோனென் சீடர்கள் நடத்திய நாமஜபக் கூட்டத்துக்குப் போனார்கள். கேட்டார்கள்; துறவு பூண்டுவிட்டார்கள். திரும்பி வந்த சக்கரவர்த்தி சீறினார். 1207-ல் சீடர்கள் நாலு பேருக்கு மரண தண்டனை. ஹோனெனைத் தலைநகரத்தை விட்டு நாடு கடத்தினார்கள். அப்போது அவருக்கு 75 வயது!

படகில் போகும் வழியில், முரோ என்ற துறைமுகத்தில், விலைமாது ஒருத்தி அருகில் வந்து தனக்கும் கதி உண்டா என்று கேட்டாளாம். வேறு பிழைப்பு இருந்தால் இந்தத் தொழிலை விட்டுவிடச் சொன்னார் கிழவர். வேறு வழியே இல்லாவிட்டால், இருக்கிறபடியே இருந்து நாமத்தைச் சொல்லச் சொன்னார். பெண்ணின் காலடியே படாத மலையில் படித்தவர் கொடுத்த பதில் இது!

மனைவி எழுதிய கடிதம்

இரண்டாமவர் ஷின்ரான். 1173-ல் பிறந்தவர். மேலே சொன்ன பஞ்ச காலத்தில், 1181-ல், 9-வது வயதில் துறவியானார். ஹியெய் மலையில் 20 ஆண்டு இருந்தார்.

ஹோனென் உலகத்தாருக்காக வழி தேடினார். ஷின்ரானின் துன்பம் வேறு. எத்தனை விரதம் இருந்தும் தன் மனம் அடங்கவில்லையே, ஆசை போகவில்லையே என்று அவர் தவித்தார். வெளியே துறவி. உள்ளே? அதை மறைத்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது?

1201-ல் அவர் மலையை விட்டு இறங்கினார். கியோட்டோவில் ரொக்காக்குடோ என்று ஆறு பட்டை வடிவத்தில் ஒரு கோயில். அங்கே நூறு நாள் பிரார்த்தனை செய்வதென்று உட்கார்ந்தார். 95-வது நாள் விடியற்காலையில் ஒரு கனவு கண்டார். எழுந்து நேரே ஹோனெனிடம் போனார். ஆனால் அன்றைக்கே அவர் சீடராகிவிடவில்லை. மழையானாலும் வெயிலானாலும் இன்னும் நூறு நாள் நடந்து நடந்து போய்க் கேட்டார். அதன் பிறகுதான் முடிவு செய்தார்.

இவ்வளவு விவரம் நமக்கு எப்படித் தெரியும்? அவருடைய மனைவி எஷின்னி தம் மகளுக்கு எழுதிய கடிதங்களிலிருந்து! அந்தக் கடிதங்கள் கியோட்டோவில் ஒரு கோயிலின் களஞ்சியத்தில் பல நூற்றாண்டு உறங்கின. 1921-ல்தான் கண்டெடுக்கப்பட்டன.

ஆம், ஷின்ரானுக்கு மனைவி உண்டு. மக்களும் உண்டு. 1207-ல் குருவோடு சேர்த்து இவரையும் நாடு கடத்தினார்கள். வடக்கே பனி கொட்டும் எச்சிகோ நாட்டுக்கு அனுப்பினார்கள். துறவிப் பட்டத்தைப் பறித்தார்கள். அதற்கு மேல் தாம் துறவியும் அல்ல, சாதாரணக் குடிமகனும் அல்ல என்று அவர் சொல்லிக்கொண்டார். ஒளிவுமறைவு இல்லாமல் குடும்பம் நடத்தினார். குடியானவர்களோடு வாழ்ந்தார்.

எஷின்னியின் கடிதத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஒரு சமயம், மக்களின் நன்மைக்காகத் திருநூல்களை ஆயிரம் முறை ஓதுவதென்று ஷின்ரான் தொடங்கினார். சில நாளில் நிறுத்திவிட்டார். நாமம் ஒன்றே போதும் என்று சொல்லிவிட்டு, மேலும் ஏதோ குறைவதாக நினைத்து இதைச் செய்கிறோமே என்று அவருக்குத் தோன்றியதாம். பாருங்கள்! ஒரு வழியில் நின்ற பிறகும், பழைய கடையின் சரக்கு மனத்தை இழுக்கத்தான் செய்கிறது. அவர் 90 வயது வரை வாழ்ந்தார். குருவை விட்டுப் பிரிந்ததாக அவர் நினைக்கவே இல்லை.

காளான் வாங்க வந்த கிழவர்

மூன்றாமவர் டோகென். 1200-ம் ஆண்டில் கியோட்டோவில் பெரிய பிரபு வம்சத்தில் பிறந்தவர். 8-வது வயதில் தாயார் இறந்தார். ஈமச் சடங்கில் ஊதுவத்தியின் புகை எழுந்து கலைவதைப் பார்த்தபோது, எதுவும் நிலையில்லை என்பது அந்தச் சிறுவனின் மனத்தில் பதிந்துவிட்டதாம்.

1213-ல் ஹியெய் மலையில் துறவியானார். அங்கே ஒரு கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. எல்லா உயிருக்கும் புத்தத் தன்மை பிறவியிலேயே உண்டு என்று மலையில் போதித்தார்கள். அப்படியானால் பாடுபட்டுச் சாதனை செய்வது எதற்கு? கையில் இருக்கும் பொருளைத் தேடுவார் உண்டா?

மலையில் பதில் கிடைக்கவில்லை. பக்கத்துக் கோயிலின் தலைவரிடம் போனார். சீனாவுக்குப் போய்ப் பார்க்கும்படி அவர் யோசனை சொன்னார். டோகென் கியோட்டோவில் கென்னின்ஜி என்ற கோயிலில் சேர்ந்தார். அதை நிறுவிய எய்சாயும் ஹியெய் மலையிலிருந்து இறங்கியவரே. சீனாவிலிருந்து சென் என்ற தியான வழியைக் கொண்டுவந்தவர்.

"சென்" என்ற சொல் நமக்கு அந்நியமல்ல. வடமொழியில் "தியானம்", சீனத்தில் "சான்", ஜப்பானில் "சென்". சீனாவில் இந்த வழிக்கு மூலவராகப் போற்றப்படும் போதிதர்மர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்று ஒரு பழைய சீன நூல் சொல்கிறது. காஞ்சிபுரத்து அரசகுமாரர் என்பது நம் பக்கத்து மரபு.

1223-ல் டோகென் சீனக் கப்பல் துறைக்கு வந்து சேர்ந்தார். உடனே கரை இறங்க முடியவில்லை. கப்பலிலேயே தங்கியிருந்தார். ஒரு நாள் 61 வயதுள்ள ஒரு பிட்சு கப்பலுக்கு வந்தார். ஜப்பான் காளான் வாங்க வந்தாராம். அவர் ஒரு மடத்தின் சமையற்காரர். அந்த மடம் இருந்த மலைக்கு என்ன பெயர் தெரியுமா? நம் அசோக மன்னரின் பெயர்தான்! மறுநாள் பண்டிகை. பிட்சுக்களுக்கு நல்ல உணவாகச் சமைத்துப் போட வேண்டும் என்பதற்காக, கிழவர் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து வந்திருந்தார்.

டோகென் அவரை அன்று இரவு தங்கிப் பேசிவிட்டுப் போகும்படி வேண்டினார். கிழவர் மறுத்தார். நாளைக்குச் சமையல் இருக்கிறதே! இந்த வயதில் அடுப்படியில் ஏன் வேக வேண்டும், தியானம் செய்யலாமே, நூல் படிக்கலாமே என்று டோகென் கேட்டார். கிழவர் உரக்கச் சிரித்தார். சாதனை என்றால் என்னவென்று வெளிநாட்டுத் தம்பிக்கு இன்னும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று நடையைக் கட்டினார்.

டோகென் திகைத்து நின்றார். காளான் வாங்குவதும் சாதனையா? அந்தச் சிரிப்பை அவர் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை.

சீனாவிலும் அவர் பல மடங்களைச் சுற்றினார். பல குருமார்களைப் பார்த்தார். மனம் நிறையவில்லை. 1225-ல் தியன்டாங் மலையில் ருஜிங் என்ற ஆசிரியரைக் கண்டார். கண்டிப்பானவர். இரவு நெடுநேரமும் விடியற்காலையிலும் சீடர்களை உட்கார வைத்துத் தியானம் செய்விப்பார். அங்கே டோகெனின் கேள்வி கரைந்தது.

பதில் என்ன? அதை அவர் பிற்காலத்தில் ஒரு விசிறிக் கதையால் விளக்கினார். காற்று எங்கும் இருக்கிறது. ஆனாலும் கோடையில் விசிறினால்தானே மேலே படுகிறது! காற்று இருப்பதால் விசிற வேண்டாம் என்பவனுக்குக் காற்றைப் பற்றியும் தெரியாது. விசிறியைப் பற்றியும் தெரியாது. புத்தத் தன்மையை அடைவதற்காகக் கொடுக்கும் கூலி அல்ல சாதனை. புத்தத் தன்மை வெளிப்படும் விதமே அதுதான்.

1227-ல் டோகென் நாடு திரும்பினார். மற்றவர்களைப் போல் மூட்டை மூட்டையாக நூல்களைச் சுமந்து வரவில்லை. 1237-ல் சமையற்காரரின் கடமைகளைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். அரிசி கழுவுவது எப்படி, கல் பொறுக்குவது எப்படி என்பதெல்லாம் அதில் உண்டு! 1243-ல் தலைநகரத்தை விட்டே விலகி, எச்சிசென் நாட்டு மலைகளுக்குப் போனார். அங்கே அவர் நிறுவிய எய்ஹெய்ஜி மடத்தில் இன்றும் பிட்சுக்கள் சுவரைப் பார்த்து உட்காருகிறார்கள்.

மீனவர் வீட்டுப் பிள்ளை

நாலாமவர் நிச்சிரென். 1222-ல் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடிக்கும் கிராமம் ஒன்றில் பிறந்தவர். இந்தியாவில் தீண்டாதவர் என்று தள்ளப்பட்டவர்களைக் குறித்த பழைய வடமொழிச் சொல்லையே எடுத்து, அந்தக் குடியில் பிறந்தவன் என்று தம்மைப் பற்றிக் கடிதங்களில் எழுதியவர். அதை அவர் வெட்கத்தோடு எழுதவில்லை.

12-வது வயதில் ஊருக்கு அருகே ஒரு மலைக் கோயிலில் படிக்கப் போனார். அவருடைய கேள்வி நேரடியானது. புத்தர் ஒருவர் இருக்க, பிரிவுகள் ஏன் இத்தனை? எல்லாமே உண்மையாக இருக்க முடியுமா? 1221-ல் சக்கரவர்த்தியின் படை ஜயிக்க வேண்டுமென்று பெரிய பெரிய கோயில்களில் ஹோமம் நடந்தது. ஆனாலும் படை தோற்றது. ஏன்?

காமகுரா நகரில் நாமஜபத்தையும் சென் தியானத்தையும் பார்த்தார். பிறகு ஹியெய் மலையில் ஏறக்குறைய பத்து ஆண்டு படித்தார். நாரா, கோயா மலை எல்லாம் போய் வந்தார். இருபது ஆண்டுத் தேடலுக்குப் பிறகு, ஹியெய் மலையின் தலைமை நூலான தாமரைச் சூத்திரமே போதும், அதன் பெயரைப் போற்றி உச்சரிப்பதே வழி என்ற முடிவுக்கு வந்தார். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி புத்த நிலை அடைந்த கதை அந்த நூலில்தான் வருகிறது.

1253-ல் தம் ஊர்க் கோயிலுக்குத் திரும்பி, கூட்டத்தின் நடுவே தம் முடிவைச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. மற்ற வழிகள் எல்லாம் தவறு என்றும் சொன்னார்! ஊர் அதிகாரி நாமஜப பக்தர். அவருக்குக் கோபம் பொங்கியது. நிச்சிரென் காமகுராவுக்கு ஓட வேண்டியதாயிற்று.

1257-ல் காமகுராவில் பூகம்பம். அடுத்து புயல், பஞ்சம், கொள்ளை நோய். தவறான வழிகளை நாடு பின்பற்றுவதே காரணம் என்று நிச்சிரென் 1260-ல் அரசாங்கத்துக்கு விண்ணப்பம் எழுதினார். திருந்தாவிட்டால் அந்நியர் படையெடுப்பு வரும் என்றார். பதிலாக, ஒரு கூட்டம் அவர் குடிசையைத் தாக்கியது. 1261-ல் நாடு கடத்தினார்கள். 1271-ல் கடற்கரையில் தலையை வெட்டக் கொண்டு போனார்கள், உயிர் தப்பினார். சாடோ தீவில் இடுகாட்டுக்குள் ஒரு பாழ்க் குடிசையில் தள்ளினார்கள். கூரைச் சந்துகளில் பனி விழும். அங்கும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 1274-ல் மங்கோலியர் கப்பல் படை வந்தே விட்டது!

நிச்சிரெனின் அஞ்சாமையை மெச்சாதவர் இல்லை. ஆனால் பிற வழிகளை அவர் ஏசியது சரிதானா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. இதில் ஹோனென் வேறு விதம். 1204-ல் அவர் ஏழு கட்டளைகள் எழுதி, மற்றப் பிரிவுகளை இழித்துப் பேசக்கூடாது என்று சீடர்களிடம் கையெழுத்து வாங்கினார். ஷின்ரானும் அதில் கையெழுத்துப் போட்டார். ஒரு வழியைப் பிடித்தவர் மற்ற வழிகளைப் பழித்தே ஆக வேண்டும் என்பது இல்லை.

எது சிறந்தது?

இந்த நாலு பேரில் யார் கண்டது சிறந்த வழி? அதைத் தீர்ப்புச் சொல்ல நம்மால் ஆகாது. ஆனால் நால்வருக்கும் பொதுவான சில விஷயங்களைக் கவனிக்கலாம்.

அவர்களில் யாரும், "எது நல்ல பிரிவு?" என்று மட்டும் கேட்டுக்கொண்டு கிளம்பவில்லை. ஒவ்வொருவரிடமும் தமக்கென்று ஒரு கேள்வி இருந்தது. எழுத்தறியாதவனுக்கு வழி உண்டா என்றார் ஒருவர். மனம் அடங்காத தமக்கு வழி உண்டா என்றார் ஒருவர். இருக்கும் பொருளுக்குப் பாடு எதற்கு என்றார் ஒருவர். பலவற்றில் மெய் எது என்றார் ஒருவர். அந்தக் கேள்வி எங்கே தீர்ந்ததோ, அங்கே நின்றார்கள். கேள்வி இல்லாமல் கடை கடையாக ஏறி இறங்குகிறவருக்கு, எல்லாச் சரக்கும் நன்றாகவும் இருக்கும். எதுவும் போதாமலும் இருக்கும்.

அவர்கள் அவசரப்படவும் இல்லை. ஹோனென் தேடியது முப்பது ஆண்டு. ஷின்ரானும் நிச்சிரெனும் இருபது ஆண்டு. டோகென் பன்னிரண்டு ஆண்டு. முடிவு செய்த பிறகு, தலை போகும் நிலை வந்தபோதும் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னொன்று. அவர்கள் பிடித்த வழிகள் மூன்றும் மலையில் ஏற்கெனவே இருந்தவைதான். நாமஜபம், தியானம், தாமரைச் சூத்திரம். அங்கே பத்தோடு பதினொன்றாகக் கிடந்ததை ஒருவர் எடுத்து, தம் வாழ்க்கை முழுவதையும் அதில் வைத்தபோது அதற்கு உயிர் வந்தது.

ஹோனெனை மலை மன்னிக்கவில்லை. அவர் இறந்தது 1212-ல். 1227-ல் மலையின் ஆட்கள் அவருடைய சமாதியையே இடிக்க வந்தார்கள்! சீடர்கள் இரவோடு இரவாக உடலை எடுத்துக்கொண்டு போய்க் காப்பாற்ற வேண்டியிருந்தது. 1571-ல் மலைக்கே ஆபத்து வந்தது. நோபுநாகா என்ற படைத்தலைவர் மலையைச் சூழ்ந்து தீ வைத்தார். சைச்சோ காலத்திலிருந்து எரிந்துவந்த அணையா விளக்கும் அணைந்தது. ஆனால் அதிலிருந்து ஏற்றிய சுடர் ஒன்று வடக்கே யாமாடெரா என்ற கோயிலில் எரிந்துகொண்டிருந்தது. அங்கிருந்து நெருப்பைக் கொண்டுவந்து மறுபடியும் ஏற்றினார்கள். வெளியே போன சுடர்தான் மலைக்குத் திரும்ப ஒளி கொடுத்தது.

அந்த விளக்கு இன்றும் எரிகிறது. இன்று ஹியெய் மலைக்குப் பெண்களும் போகிறார்கள், குழந்தைகளும் போகிறார்கள். அங்கே பெரிய பிரசங்க மண்டபம் ஒன்று இருக்கிறது. அதற்குள் வரிசையாகச் சிலைகள். ஹோனென், ஷின்ரான், டோகென், நிச்சிரென்! ஒரு காலத்தில் மலையை விட்டு இறங்கிப் போனவர்களின் சிலைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அவரவர் பிரிவைச் சேர்ந்தவர்கள் வந்து, அவரவர் முறைப்படி கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.